மாப்பிள்ளை அனுப்பிய நாற்பது பொத்தான்கள்

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும், ஒரு மாதமாக எங்களோடு இருக்கிற உங்கள் மனைவியும் உடம்பளவில் சௌக்கியம். மற்றபடி எப்படி என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு தாள். தாங்களும் சௌக்கியமாகவே இருப்பீர்கள். கேள்வி கேட்க ஆளில்லாத வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன குறை? தாங்கள் கூரியரில் அனுப்பிய அந்தக் குட்டிக் கீபோர்டை ஒரு மாதம் அன்றாட வேலைக்கு வைத்துப் பார்த்துவிட்டு, ஆகுமா ஆகாதா என்று சொல்லச் சொல்லியிருந்தீர்கள். சொல்கிறேன். கையால் எழுதுகிறேன். ஏன் என்று கேட்க மாட்டீர்கள் என நம்புகிறேன்.

முதலில் ஒன்று தெளிவாக இருக்கட்டும். இந்த நீதிபதி உத்தியோகத்தை நான் கேட்டு வாங்கவில்லை. சண்டை வந்தது உங்கள் வீட்டில், எனக்குத் தகவல் வந்தது மகள் பெட்டியோடு வாசலில் நின்றபோது. பதவி உயர்வு விண்ணப்பத்தை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும் என்று அவள் உட்கார்ந்தாளாம், வீட்டில் ஏழு கீபோர்டு இருந்ததாம், ஏழும் நீங்கள் உங்கள் கையாலேயே செய்த உள்ளங்கை அகலச் சாமான்களாம், ஒன்றிலாவது எண்கள் எங்கே இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியவில்லையாம், பழைய பெரிய கீபோர்டைக் கேட்டதற்கு, "அது மேஜையை அடைச்சுக்குதுன்னு யாருக்கோ கொடுத்துட்டேன், ஒரு வாரம் பழகினா இதுல கை தானா போகும்" என்றீர்களாம். ஐந்து மணியும் போயிற்று, பதவி உயர்வும் போயிற்று, ஐந்தரைக்கு அவள் பெட்டியைத் தூக்கிவிட்டாள். அப்புறம் போனில் நீங்கள் இருவரும் என்ன பேசி முடித்தீர்கள்? "உங்க அப்பா முப்பத்தோரு வருஷமா டைப் அடிக்கிறவர், அவரே ஒரு மாசம் அடிச்சுப் பார்த்துட்டுச் சொல்லட்டும்" என்றீர்கள் நீங்கள். "சரி. அப்பா ஆகும்னு சொன்னா மறுபேச்சு பேசாம கிளம்பி வர்றேன். ஆகாதுன்னு சொன்னா நான் இங்கதான். நீங்க அந்த ஏழோட குடும்பம் நடத்துங்க" என்றாள் அவள். நடுவில் நான். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? நான் பாட்டுக்குச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். நாளிதழ் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், இரண்டாவது கவுண்டரில், காலமானவர்களைப் பற்றிய அறிவிப்புகளை வாங்கி அடித்து மேலே அனுப்புகிற வேலை. வருகிறவர்கள் எல்லாரும் அழுதுகொண்டு வருவார்கள், அல்லது அழுது முடித்துவிட்டு வருவார்கள். அந்த இடத்தில் போய் உங்கள் கீபோர்டை வைத்தேன். முதல் நாள் வந்த அம்மாள் அண்ணனை இழந்தவர், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு விம்முகிறார், நான் 'டக் டக் டக்' என்று அடிக்கிறேன், பொத்தான் ஒவ்வொன்றும் ஆணி அடிக்கிற மாதிரி சத்தம், அவர் அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "ஐயா, இது உடைஞ்சு போச்சா? மீதி எங்க?" என்றார். மீதி இல்லை அம்மா, இவ்வளவுதான் என்றேன். "ஐயோ பாவம்" என்றார். அண்ணனைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பக்கத்துக் கவுண்டரில் வாடகை வீட்டு விளம்பரம் வாங்குகிற அம்மா மூன்றாம் நாளே காதில் பஞ்சு வைத்துக்கொண்டுவிட்டார்.

சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மாப்பிள்ளை. நாற்பது பொத்தானுக்குள் உலகத்தையே அடைத்தால் என்ன ஆகும்? வழக்கமாக 'ச' இருக்கிற பொத்தானே உங்கள் கீபோர்டில் இல்லை. அது மேல் அடுக்கில் இருக்கிறது, வலது கட்டைவிரலால் ஒன்றை அழுத்திக்கொண்டால்தான் இறங்கி வரும் என்று நீங்கள் அனுப்பிய படத்தில் போட்டிருக்கிறது. எங்கள் பக்கத்தில் யாரும் சாவதில்லை, காலமாவார்கள், அது வரைக்கும் சரி. ஆனால் சகோதரர், சகோதரி, சம்பந்தி, சித்தப்பா, கடைசியில் சடங்கு, எல்லாவற்றுக்கும் நான் மேல் அடுக்குக்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறது. எண்களுக்கு இடது கட்டைவிரல். முப்பத்தோரு வருடத்தில் இடைவெளி விடுவதைத் தவிர வேறு எந்தப் பொறுப்பும் பார்த்திராத விரல்கள் இவை. பழகவில்லை என்று சொல்லமாட்டேன். இரண்டாவது வாரம் கொஞ்சம் பழகிவிட்டது. கெட்டதே அங்கேதான்.

பழகிவிட்டது என்ற தைரியத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மனிதருக்கான அறிவிப்பை, அவர் மனைவி எதிரில் நின்று சொல்லச் சொல்ல, அடித்தேன். இறுதிச் சடங்கு மறுநாள் பகல் 12 மணி. கட்டைவிரல் ஒரு நொடி தாமதமாகப் போயிருக்கிறது, '1' விழவேண்டிய இடத்தில் அதே பொத்தானில் இருக்கிற 'ஆ' விழுந்தது, நான் 'ஆ'வை அழித்தேன், '2' சரியாக விழுந்தது, பார்த்தேன், பகல் 2 மணி, பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது, அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை வீட்டில் பேப்பரைப் பிரித்தால், பகல் 2 மணி என்று இருக்கிறது. அந்த அம்மா என்னிடம் பன்னிரண்டு என்று சொன்னது காதிலேயே இருக்கிறது. கொடுத்திருந்த நம்பருக்குப் போன் போட்டால் எடுக்க ஆளில்லை. சாப்பிடாமல் பஸ் பிடித்து, இறங்கி ஓடி, மயானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். அந்த அம்மாவும், வேலையாட்கள் இருவரும். வேறு ஈ காக்கை இல்லை. கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சினேன். "அடுத்தவங்க ஒரு மணிக்கு வர்றாங்க சார், நாங்க என்ன பண்றது?" என்றார்கள். அவர்கள் மேலும் தப்பில்லை. அந்த அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். "முப்பத்தாறு வருஷம் அத்தனை பேரோட வேலை பார்த்தார், ஒருத்தர் எட்டிப் பார்க்கலையே" என்றார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, அழுத கண்ணுக்கு அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது, "நீங்க அவரோட வேலை பார்த்தவரா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன், மாப்பிள்ளை. "நீங்களாவது வந்தீங்களே, நல்லாயிருப்பீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டு நான் எங்கே போவேன்? எல்லாம் முடிந்தபிறகு வாசலிலேயே நின்றேன். இரண்டு மணிக்கு நாற்பது நாற்பத்தைந்து பேர் ஓட்டுநர், நடத்துநர் என்று காக்கிச் சட்டையோடு வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் முடிந்துவிட்டது, அந்த அம்மாவை வீட்டில் போய்ப் பாருங்கள், நேரத்தைத் தப்பாக அடித்தவன் நான்தான், அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள் என்று சொன்னேன். அவரிடம் சொல்ல முடியாததை அவர்களிடம் சொல்ல முடிந்தது. ஒரு ஓட்டுநர் என்னை அடிக்க வந்தார், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பிடிக்காமல் விட்டிருக்கலாம்.

மறுநாள் எங்கள் மேலாளர், எதற்கெடுத்தாலும் அரை நிமிஷம் என்பாரே, அந்த அரைநிமிஷம், என்னைக் கூப்பிட்டு இரண்டு மணி நேரம் திட்டினார். "ஏன் சார், பெருசு கண் முன்னாடி இருக்கும்போது இந்தச் சோப்புக்கட்டியை வெச்சுக்கிட்டு எதுக்கு அல்லாடறீங்க?" என்றார். மகளுடைய வாழ்க்கை இதில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வேன்? மருத்துவர் சொன்னார் என்றேன். அறிவிப்புகளை அன்றிலிருந்து பெரியதில் அடிக்கிறேன். செத்தவர்களை வைத்து என் வீட்டுப் பஞ்சாயத்தை நடத்த எனக்கு மனமில்லை. மற்றக் கடிதம், ரசீது, வீட்டுக் கணினி எல்லாவற்றுக்கும் உங்களுடையதுதான், ஒப்புக்கொண்டபடி முப்பதாம் நாள் வரைக்கும்.

ஆகவே தீர்ப்பு. ஊருக்கு எடுத்துப் போகலாம், சட்டைப் பையில் வைக்கலாம், மேஜையில் இடம் மிச்சம், அதில் சோற்றுத் தட்டைக்கூட வைக்கலாம். தொடுவதற்கும் சுகமாகத்தான் இருக்கிறது, உங்கள் கைவேலையைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் பெயர், வயது, தேதி, நேரம் என்று நாலு பேர் நம்பி நடக்கிற எதையும் தினசரி அடிக்க அது ஆகாது. ஆகாது, மாப்பிள்ளை. உங்கள் மனைவி இங்கேயே இருப்பாள் என்று அர்த்தமாகிறது, அதை எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை. ஆனாலும் கேட்டதற்கு உள்ளதைச் சொல்வதுதான் மரியாதை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். அத்தை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். எங்கிருந்தாலும் நீங்கள் இருவரும் நன்றாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது மகள் அறைக்குள் வந்தாள். "முப்பது நாள் ஆச்சுப்பா. என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?" என்றாள். என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். கதவு வழியாக எதிரே அவள் அறையைப் பார்த்தேன், கட்டிலில் அவள் துணியெல்லாம் இஸ்திரி போட்டு அடுக்கி இருக்கிறது, பெட்டி திறந்து இருக்கிறது. நான் ஆகாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பிரமாதமா இருக்கும்மா, இவ்வளவு நாள் இது இல்லாம எப்படி இருந்தேன்னு தெரியலை" என்று வந்துவிட்டது. "அப்படித்தான் சொல்லுவீங்கன்னு தெரியும், நீங்களும் அவர் கட்சிதான், பெத்த பொண்ணைவிட மாப்பிள்ளைதானே உங்களுக்கு ஒசத்தி" என்று பத்து நிமிடம் திட்டினாள். திட்டிக்கொண்டே பெட்டியைக் கட்டினாள். மாப்பிள்ளை, அவ்வளவு சந்தோஷமாக யாரும் என்னைத் திட்டியதில்லை. வியாழக்கிழமை காலை வண்டியில் வருகிறாள். இக்கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடுங்கள். அவள் வருவதற்குள் எண்கள் தனி வரிசையாக உள்ள பெரிய கீபோர்டு ஒன்றை வாங்கி மேஜையில் வையுங்கள், நீங்களாகவே யோசித்து வாங்கியதாகச் சொல்லுங்கள், விண்ணப்பம் தவறிப் போனதற்கு மன்னிப்பும் கேளுங்கள். இன்னொரு விஷயம். அப்பாவுக்கு இவ்வளவு பிடித்துப் போனதால் ஆபீசுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இன்னொன்றும் உங்களைச் செய்துதரச் சொல்லப் போகிறாளாம். அவள் இங்கே வரும்போதெல்லாம் அதில்தான் நான் அடித்துக் காட்டவேண்டியிருக்கும். செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கொஞ்சம் நிதானமாகச் செய்யுங்கள், ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்லை.