ஜன்னலோர நாற்காலிக்காக ஒரு காஸ்டிகேட்

மனைவியைக் கண்டித்தே தீருவது என்று மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்தார். ஆங்கிலத்தில்.

தமிழில் கண்டித்துப் பார்த்த அனுபவம் அவருக்குப் பதினெட்டு வருடமாக உண்டு. இவர் வாயைத் திறப்பார். அவள் நிமிர்ந்து பார்ப்பாள். "ஒண்ணுமில்லை, தண்ணி குடிக்கலாம்னு வந்தேன்" என்று முடித்துக்கொள்வார். ஆனால் இந்த முறை விஷயம் பெரியது. போன வாரம் அவர் ஆபீஸுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஜன்னலோரம் இருந்த அவருடைய சாய்வு நாற்காலியை ஸ்டோர் ரூமுக்கு நாடு கடத்திவிட்டு, அந்த இடத்தில் தன் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டாள். ஊசியில் நூல் கோர்க்க வெளிச்சம் வேண்டுமாம். அவர் மட்டும் இருட்டிலா பேப்பர் படிப்பார்? அந்த வீட்டில் அவர் சொல்கிறபடி சாய்ந்து கொடுத்தது அந்த நாற்காலி ஒன்றுதான். அது திரும்ப வந்தாக வேண்டும்.

ஆபீஸில் வரும் ஆங்கிலக் கடிதங்களைத் தமிழாக்குவது அவர் வேலை. ஒவ்வொன்றின் அடியிலும் 'மொழிபெயர்ப்பு சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கை பழகிப்போய், வாஷிங் மெஷினோடு வந்த புத்தகத்துக்கும் இருமல் மருந்துச் சீட்டுக்கும்கூட வீட்டில் தமிழ் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். மனைவிக்கு ஆங்கிலம் வராது என்பது அவர் நினைப்பு. அவளும் ஒருநாள் கூட மறுத்ததில்லை.

அன்று வந்த சுற்றறிக்கை ஒன்றில் அந்தச் சொல் இருந்தது. காஸ்டிகேட். வீட்டுக்கு வந்ததும் அகராதியைப் புரட்டினார். கடுமையாகக் கண்டித்தல், எழுத்து வழக்கு என்று போட்டிருந்தது. அவருக்கு ஆர்வம் பற்றிக்கொண்டது. திட்டுவதென்றால் தொண்டை வேண்டும். ஏசலாமென்றால் எதிராளிக்கும் வாய் இருக்கும். இது எந்த ரகம்? காபியை ஆறவிட்டு யோசித்தார். பிடிபடவில்லை. ஆங்கிலப் பத்திரிகையில் பிழை திருத்தும் பக்கத்து வீட்டுக்காரரிடம் போனார்.

"இந்த வார்த்தையை யார் யாரைப் பாத்து சொல்லலாம் சார்?"

"நீதிபதி அதிகாரியைச் சொல்லலாம். கமிட்டி கம்பெனியைச் சொல்லலாம். கோட்டு போட்டவங்க வார்த்தை சார் அது. சத்தமே வராது, ஆனா தோல் உரிஞ்சிடும்."

"வீட்டுக்குள்ள?"

"முப்பது வருஷத்துல நான் பாத்ததில்லை. மேல இருக்கிறவங்க கீழ இருக்கிறவங்களைச் சொல்றது அது. உங்க வீட்டுல யார் மேல?"

"நாங்க மாடியில இருக்கோம் சார். எல்லாருமே மேலதான்."

பிழை திருத்துபவர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். "எழுதிக் குடுங்க. குடுத்துட்டு படிக்கட்டுப் பக்கமா நின்னுக்கங்க."

சத்தம் வராது என்றதுதான் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அன்றைக்கே ஆங்கிலத்தில் ஒரே வரியில் எழுதினார். முன்னறிவிப்பின்றி நாற்காலியை நகர்த்தியதற்காக உன்னை இதன்மூலம் காஸ்டிகேட் செய்கிறேன். திட்டம் இதுதான்: அவள் அர்த்தம் கேட்பாள். இவர் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு விளக்குவார். அவள் ஆடிப்போய் நாற்காலியைக் கொண்டுவந்து போடுவாள்.

மறுநாள் அவள் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது கடிதத்தை நீட்டினார். அவள் ஒரு கையில் வாங்கிப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"ஆபீஸ் முறைப்படி ஒரு கடிதம்."

"நடுவுல இருக்கே, இந்த காஸ்டிகேட். அப்படின்னா?"

அவர் வாயைத் திறந்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது.

"அது வந்து... பாராட்டறது."

"பாராட்டறதா?"

"ரொம்ப மரியாதையான வார்த்தை. நீதிபதிங்கல்லாம் உபயோகிக்கிறது."

"எதுக்குப் பாராட்டு?"

"நாற்காலியை... நகர்த்தினதுக்கு."

"அடடே. நான்கூட நீங்க மனசுக்குள்ள கோவமா இருக்கீங்களோன்னு நினைச்சேன். சரி, கீழே தமிழ்ல எழுதிக் குடுத்துடுங்க. தைக்கக் குடுக்க வர்றவங்களும் படிக்கட்டும்."

வேறு வழியில்லாமல் எழுதினார். மெஷினை ஜன்னலோரம் போட்டதற்காக உன்னை மனமாரப் பாராட்டுகிறேன்.

"வழக்கமா அடியில ஒண்ணு எழுதுவீங்களே."

'மொழிபெயர்ப்பு சரி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

இரண்டே நாளில் அது கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறி, மெஷினுக்கு மேலே சுவரில் தொங்கியது. துணி கொடுக்க வந்தவர்கள் எல்லாம் படித்துவிட்டு, இப்படி ஒரு வீட்டுக்காரர் யாருக்கு அமையும் என்றார்கள். பேண்ட்டை உயரம் குறைக்க வந்த பிழை திருத்துபவர் ஆங்கிலத்தைப் படித்தார். தமிழைப் படித்தார். மறுபடி ஆங்கிலத்தைப் படித்தார். பேண்ட்டைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். முப்பது வருஷமாகப் பிழை பார்த்தே பழகிய கண், எதையும் திருத்தாமல் போனது அன்றைக்குத்தான் இருக்கும்.

இனி நாற்காலியைக் கேட்க முடியாது. கேட்டால் கடிதம் பொய் என்றாகும். அதைவிடப் பெரிய பயம் அலமாரியில் இருந்தது. என்றைக்காவது அவள் அந்த அகராதியைப் பிரித்துவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை காலை அவள் குளிக்கப் போனதும், அகராதியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்கு ஓடினார். அதை ஒளித்துவைக்கும் முன், ஆசை தீர ஒரு தடவை தன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மடியில் இருந்த அகராதி தானாகவே ஒரு பக்கத்தில் பிரிந்தது. நடுவில் ஒரு சிவப்பு நூல்.

காஸ்டிகேட் என்ற சொல்லுக்கடியில் துணியில் குறி போடும் சாக்பீஸால் கோடு போட்டிருந்தது. ஓரத்தில் அவள் கையெழுத்தில், ஒரு பிழையும் இல்லாத ஆங்கிலத்தில் ஒரு வரி. அவருக்குச் சிரமம் வைக்காமல் தமிழையும் அவளே கீழே எழுதியிருந்தாள்.

'பொய் அர்த்தம் எழுதியதற்காக உங்களைக் கடுமையாகக் கண்டிக்கிறேன். மொழிபெயர்ப்பு சரி.'