பத்து மணி பத்து நிமிடம்

மனித குலம் இதுவரை எட்டிய உயரங்களிலேயே மிக உயர்ந்தது, ஓடாத கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நடப்பதுதான். ஓடுகிற கடிகாரத்தை யார் வேண்டுமானாலும் கட்டலாம். பஸ் கண்டக்டர் கட்டுகிறார், பால்காரர் கட்டுகிறார். அவர்களுக்கு மணி தெரிந்தாக வேண்டும். பாவம், பிழைப்பு அப்படி. மணி தெரிய வேண்டிய அவசியத்தையே கடந்துவிட்ட மகான்கள் ஊருக்கு ஏழெட்டுப் பேர் தேறினால் அதிகம். அப்படித் தேறிய ஒருவரின் வரலாறு இது.

குடிநீர் வாரிய அலுவலகத்தின் முதல் மாடியில், கோப்பு அறையில், அவர் முதுநிலை எழுத்தர். அங்கே அவரைக் காதுபட 'சார்' என்பார்கள், காது படாமல் 'தங்கமுள்' என்பார்கள். இரண்டாவது பொருத்தமாக இருப்பதால் நாமும் அதையே வைத்துக்கொள்வோம்.

தங்கமுள்ளிடம் பத்தொன்பது தங்கக் கைக்கடிகாரங்கள் இருந்தன. எல்லாம் அறுபது எழுபது வருடங்களுக்கு முன் கோட்டுப் போட்ட கனவான்கள் விருந்துக்குக் கட்டிக்கொண்டு போனவை. பிஸ்கட்டை விட மெல்லியவை. சட்டைக் கைக்குள் சத்தமில்லாமல் ஒளிந்துகொள்பவை. ஆனால் ஒன்றுகூடப் பெயர் பெற்ற கம்பெனியுடையது அல்ல. பெயர் பெற்ற வாட்ச்சை எந்த மடையனும் வாங்கிவிடுவான் என்பது அவருடைய கட்சி. யாரும் கேள்விப்படாத தயாரிப்பாளராக இருக்க வேண்டும். தயாரிப்பாளரின் சொந்த ஊர்க்காரர்களே கேள்விப்படாதவராக இருந்தால் இன்னும் விசேஷம். ஒருமுறை முடிவெட்டிக்கொண்டிருக்கும்போது, "இந்தக் கம்பெனி வாட்ச்சா? எங்க பெரியப்பாகிட்டகூட இருந்துச்சு சார்" என்று முடிவெட்டுபவர் சொல்லிவிட்டார். பாதி வெட்டிய தலையோடு எழுந்து வந்த தங்கமுள், அன்று சாயங்காலமே அந்த வாட்ச்சைத் தள்ளிவிட்டார்.

இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு சங்கம் இல்லாமல் போகுமா? இருந்தது. பெயர் 'அறியப்படாத தங்கக் கடிகாரங்கள் பாதுகாப்புச் சங்கம்'. உறுப்பினர்கள் ஒன்பது பேர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு, ஒரு லாண்டரிக் கடையின் மாடியில் கூடுவார்கள். நாலு மணி என்பது எப்போது என்று யாருக்கும் நிச்சயமில்லாததால் மூன்றிலிருந்து ஐந்துவரை வந்துகொண்டே இருப்பார்கள். செயலாளர் ஒரு பல் டாக்டர். சங்கத்தின் சட்டங்களை அவர்தான் வகுத்தார். பேட்டரி வாட்ச் எதுவும் உறுப்பினர் வீட்டு வாசற்படி மிதிக்கக் கூடாது. போனில் மணி பார்க்கக் கூடாது. கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கக் கூடாது. கொடுத்தால் தயாரிப்பாளரின் கைபட்ட சுருள்வில் தேய்ந்துவிடும். முட்கள் இரண்டையும் எப்போதும் பத்து மணி பத்து நிமிடத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். அப்போதுதான் டயலில் உள்ள பெயர் இரண்டு முட்களுக்கும் நடுவே மறையாமல் தெரியும்.

இந்தப் பத்தொன்பதில் தங்கமுள்ளின் உயிர் ஒன்றில் இருந்தது. அதன் டயலில் இருந்த பெயரை ஒன்பது உறுப்பினர்களும் ஒன்பது விதமாக உச்சரித்தார்கள். தயாரித்தவரின் படம் கிடையாது, கடிதம் கிடையாது, அவர் சொன்னதாக ஒரு வார்த்தை கிடையாது. சங்கம் மூன்று வருடம் ஆராய்ச்சி செய்து, 'இவரைப் பற்றி எதுவுமே தெரியவில்லை' என்று அறுபத்திரண்டு பக்க அறிக்கை வெளியிட்டது. இதைவிடப் பெரிய கௌரவம் சங்கத்தில் கிடையாது. அடுத்த ஞாயிறு தலைவர் தேர்தல். எதிர்த்து நிற்பவர் ஒரு வக்கீல். இந்த ஒரு வாட்ச்சைக் காட்டினால் போதும், வக்கீல் காலி என்று தங்கமுள் கணக்குப் போட்டிருந்தார்.

அந்த வாரம் வியாழக்கிழமை அவருடைய மனைவி ஒரு பேச்சை எடுத்தாள். அதே அலுவலகத்தில், கீழ்த்தளத்தில், புகார்ப் பிரிவில் எழுத்தர். இருபத்திரண்டு வருடமாகத் தண்ணீர் வராதவர்களின் வசவுகளை வாங்கி, எண் போட்டு, மேலே அனுப்பிக்கொண்டிருப்பவள்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை எனக்குப் பரீட்சை."

"என்ன பரீட்சை?" தங்கமுள் ஒரு வாட்ச்சைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கண்காணிப்பாளர் பரீட்சைங்க. ஆறு மாசமா உங்க எதிர்லதான உக்காந்து படிக்கிறேன். வயசு வரம்பு இந்த வருஷத்தோட முடியுது. இதை விட்டா வசவு வாங்கியே ரிட்டயர் ஆகவேண்டியதுதான்."

"நல்லது, நல்லது."

"போன தடவை நேரம் போதாம கடைசிக் கேள்விய எழுதல. அஞ்சு மார்க்ல போச்சு. ஹால்ல சுவர்க் கடிகாரமும் கிடையாது, போனும் கொண்டுபோகக் கூடாது. பிளாட்பாரத்துல ஒரு பிளாஸ்டிக் வாட்ச் வாங்கிக்கட்டுமா?"

பஞ்சு கீழே விழுந்தது.

"பேட்டரி போட்டதா?"

"பின்ன, பிளாட்பாரத்துல வேற என்ன விப்பாங்க?"

"எந்த ஹால்ல எழுதற?"

அவள் சொன்னாள். தங்கமுள்ளுக்கு வியர்த்துவிட்டது. வக்கீலின் மச்சினியும் அதே அலுவலகம், அதே பரீட்சை, அதே ஹால். தேர்தல் நாளன்று தன் மனைவி பேட்டரி வாட்ச்சோடு உட்கார்ந்திருப்பதை அந்த மச்சினி பார்த்தால்? நாலு மணிக்குள் சங்கம் முழுக்கத் தெரிந்துவிடும். வீட்டையே திருத்த முடியாதவர் சங்கத்தை எப்படித் திருத்துவார் என்று வக்கீல் கேட்பார்.

நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். உயிரான அந்த வாட்ச்சை எடுத்து மனைவியிடம் நீட்டினார். மச்சினி பார்க்கட்டும், வயிறு எரியட்டும்.

"இதைக் கட்டிட்டுப் போ. இன்னிலேர்ந்தே கட்டிப் பழகு. கையை வீசாத. வியர்வை படக் கூடாது. முக்கியமா, சாவி குடுக்கக் கூடாது."

"குடுக்கலன்னா ஓடாதே."

"ஓடலன்னு யாரு அழுதா? அப்புறம், அடிக்கடி அதைப் பாக்காத. பாக்கறப்ப கை திரும்பும், உள்ள சக்கரம் அசையும்."

"பாக்கவும் கூடாது, ஓடவும் கூடாதுன்னா நான் எப்படிங்க மணி தெரிஞ்சுக்கறது?"

"பக்கத்துல இருக்கறவங்களக் கேளு."

"பரீட்சையில பக்கத்துல கேட்டா எழுப்பி வெளிய அனுப்பிடுவாங்க."

தங்கமுள் இதை ஆழமாக யோசித்தார். "மெதுவா கேளு" என்றார்.

அவள் வாட்ச்சை வாங்கிக்கொண்டாள். பிறகு "சரி" என்றாள். கல்யாணமானதிலிருந்து அவள் சொன்ன எத்தனையோ 'சரி'களில் இது சற்று நீளமானது. தங்கமுள் அதைக் கவனிக்கவில்லை. அவர் வாரின் கொக்கியைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு அவள் திரும்பி வந்தாள். வாட்ச்சைக் கழற்றிப் பெட்டியில் வைத்து, சங்க விதிப்படி பட்டு நாடாவால் கட்டி மேஜையில் வைத்தாள். தங்கமுள் கண்ணாடி முன் நின்று தலைவராக ஏற்புரை நிகழ்த்திக்கொண்டிருந்தார்.

"கீறல் எதுவும் படலையே?"

"இல்ல."

"மச்சினி பாத்தாளா?"

"பாத்தா."

"என்ன சொன்னா?"

"ரொம்ப நல்லாருக்குன்னா."

அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் பிடித்தார்.

சங்கக் கூட்டம் எப்போதும் மௌனத்தோடு தொடங்கும். மறக்கப்பட்ட தயாரிப்பாளர்கள் அனைவருக்கும் ஒரு நிமிட அஞ்சலி. ஒரு நிமிடம் ஆனதா என்று தெரிந்துகொள்ள வழியில்லாததால், பல் டாக்டருக்கு இருமல் வரும்போது அஞ்சலி முடியும். அன்றும் ஒன்பது பேரும் தலை குனிந்து நின்றார்கள். ஒன்பது பெட்டிகள் மேஜையில் வரிசையாக இருந்தன. கீழே இஸ்திரிப் பெட்டியின் ஆவிகூட அடங்கியிருந்தது.

டிக், டிக், டிக்.

பல் டாக்டர் இருமவில்லை. "ஏதோ ஓடுது" என்றார், ரகசியமாக.

ஒவ்வொருவரும் மற்ற எட்டுப் பேரைப் பார்த்தார்கள். வக்கீல் முன்னால் வந்து ஒவ்வொரு பெட்டியாகக் காதை வைத்தார். ஏழாவது பெட்டியில் அவர் முகம் மலர்ந்தது. நாடாவை அவிழ்த்தார். முட்கள் பத்து பத்தில் இல்லை. நாலு இருபதில் இருந்தன.

"ஒருவேளை தப்பா நின்னிருக்கலாம்" என்று தங்கமுள் ஈனசுரத்தில் சொன்னார்.

"சரிபார்த்துடலாம்" என்றார் வக்கீல். ஆனால் எதை வைத்துச் சரிபார்ப்பது? கடைசியில் பல் டாக்டர் ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார்.

"ஏம்பா, மணி என்ன?"

"நாலு இருபது" என்று லாண்டரிக்காரர் குரல் கொடுத்தார். "ஏன் சார், உங்ககிட்ட இல்லாத வாட்ச்சா?"

அறை நடுங்கியது. வாட்ச் சரியான நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. ஓடியது மட்டுமல்ல, ஒழுங்காகவும் ஓடியிருக்கிறது. வக்கீல் ஏகமனதாகத் தலைவரானார். 'கடிகாரத்தைக் கடிகாரமாகப் பயன்படுத்திய' குற்றத்துக்காகத் தங்கமுள் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார்.

வீட்டில் மனைவி வலது கையை வெந்நீர்ச் சட்டிக்குள் விட்டு உட்கார்ந்திருந்தாள். விரல்களில் பேனா அழுத்திய தடம் சிவந்திருந்தது. தங்கமுள் வாசலிலேயே நின்றார்.

"நீ சாவி குடுத்தியா?"

"குடுத்தேன்."

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை முதல்ல கடைக்கு எடுத்துட்டுப் போனேன். வாட்ச் ரிப்பேர் பண்ற அம்மா பின்மூடியத் திறந்து எண்ணெய் போட்டுக் குடுத்தாங்க. பழைய வில்லுதானாம். நல்லாத்தான் இருக்காம்."

"திறந்தாங்களா?" அவருக்கு நாற்காலி தேவைப்பட்டது. "மூடியத் திறந்தாங்களா?"

"உள்ள பொடி எழுத்துல என்னமோ செதுக்கியிருந்துச்சு. லென்ஸ் வெச்சுப் படிச்சுச் சொன்னாங்க. வாட்ச் செஞ்சவர் எழுதினதாம்."

தங்கமுள்ளின் கோபம் அப்படியே நின்றது. மூன்று வருட ஆராய்ச்சி. அறுபத்திரண்டு பக்கம். அந்த மேதையின் ஒரே ஒரு வாக்கியம் இவ்வளவு நாளும் அவர் மணிக்கட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"என்ன எழுதியிருந்தார்?"

"தினமும் காலையில சாவி குடுக்கவும்னு."

அவள் கையை நீரிலிருந்து எடுத்துத் துடைத்தாள். இன்னும் ஒரு கேள்வி வரும் என்று காத்திருந்தாள். அன்று பத்துக் கேள்விகளுக்கு விடை எழுதியவள். பதினொன்றாவதற்கும் விடை வைத்திருந்தாள். அந்தக் கேள்வி வரவில்லை. அவளுக்கு வலித்தது, கையில் மட்டுமல்ல. தங்கமுள் மேல்முறையீடு எழுதக் காகிதம் தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாலு மாதங்களில் அவர் ஏழு மேல்முறையீடுகள் எழுதினார். ஆறாவது, பரீட்சை முடிவு வந்திருந்த உறையின் பின்பக்கத்தில் எழுதப்பட்டது. முன்பக்கத்தைப் படிக்க அவருக்கு நேரமில்லை. 'கடிகாரம் என் சம்மதமில்லாமல் ஓடியது' என்று வாதாடினார். தயாரிப்பாளரின் வாக்கியத்தைக் கண்டுபிடித்த பெருமையையாவது கணக்கில் எடுக்கச் சொன்னார். சங்கம் பரிசீலித்துப் பதில் அனுப்பியது: ஒரு வாக்கியம் தெரிந்துவிட்டதால் அந்தத் தயாரிப்பாளர் இனி 'அறியப்படாதவர்' அல்ல; எனவே அந்த வாட்ச் சேகரிக்கத் தகுதியற்றது.

தங்கமுள் அதைத் தூக்கி மனைவியின் அலமாரியில் போட்டார். "நீயே வெச்சுக்கோ" என்றார். அவள் வைத்துக்கொண்டாள். தினமும் காலையில் சாவி கொடுத்தாள்.

நாலாவது மாதக் கடைசியில் ஒருநாள் அவள், "ஆர்டர் வந்துடுச்சுங்க" என்றாள். அவர் "நல்லது" என்றார். எந்தப் பிரிவு என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவள் எட்டரைக்கே கிளம்பிவிட்டாள். போகும்போது, "நேரமாச்சு, கிளம்புங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். தங்கமுள் தன் கையைப் பார்த்தார். மற்ற பதினெட்டில் ஒன்று அங்கே இருந்தது. மணி பத்து பத்து. அதில் எப்போதும் அதுதானே மணி. இத்தனை வருடமும் எட்டுக்கு ஒரு குரல், ஒன்பதுக்கு ஒரு குரல், ஒன்பதே காலுக்குக் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றுவது என்று அவரை அலுவலகத்தில் சேர்த்தது யார் என்பதை அவர் யோசித்ததில்லை. கடிகாரக்காரர் அல்லவா, நேரம் தவறாதவர் என்று அலுவலகம் அவரைப் புகழும். அவரும் அதை மறுத்ததில்லை.

அவர் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க உள்ளே நுழைந்தபோது கண்காணிப்பாளர் மேஜைக்குப் பின்னால் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். இனிமேல் 'அவள்' என்று எழுதினால் பதவிக்கு அழகல்ல. மேஜையில் வருகைப் பதிவேடு இருந்தது, அதன் மேல் சிவப்புப் பேனா இருந்தது. மேஜைகள் அத்தனையும் வேலையை நிறுத்திவிட்டு வேலை செய்வதுபோல் குனிந்துகொண்டன.

"மணி என்ன?" என்றார் கண்காணிப்பாளர்.

தங்கமுள் பழக்கதோஷத்தில் கையைப் பார்த்தார். "பத்து பத்து."

கண்காணிப்பாளரும் தன் கையைத் திருப்பினார். தங்க டயலில் இரண்டு முட்களும் மேல்நோக்கி விரிந்து நின்றன. நடுவில் அந்தப் பெயர், ஒரு எழுத்துக்கூட மறையாமல், பளிச்சென்று தெரிந்தது. சங்கத்தார் பார்த்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார்கள். ஆனால் அது ஓடிக்கொண்டிருந்தது.

"ஆமா, பத்து பத்துதான்" என்றார். "பத்து நிமிஷம் லேட்." சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

தங்கமுள்ளுக்கு ஏதாவது பேசியாக வேண்டும் போல் இருந்தது. வீட்டில் பேசுகிற மாதிரி ஏதாவது. மேஜை மேல் குனிந்து, குரலைத் தாழ்த்தி, வாழ்க்கையில் முதன்முறையாகக் கேட்டார்.

"அது கிடக்கட்டும்… அன்னிக்குப் பரீட்சை எப்படி எழுதின?"

கண்காணிப்பாளர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். மறுபடி கையைத் திருப்பி வாட்ச்சைப் பார்த்தார். பிறகு 'தாமதம்' என்ற கட்டத்தில், அவசரமில்லாமல், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"நாலு மாசம், பத்து நிமிஷம்."

பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"கையெழுத்துப் போடுங்க."