செஸ்டர் தள்ளிவிட்ட ரஸ்க்

இந்த வருஷம் பெண்டாட்டியிடம் தோற்பதில்லை என்று செஸ்டர் நொவிட்ஸ்கி சபதம் எடுத்தபோது ஜூலை மாதம் முடியும் தறுவாயில் இருந்தது. மார்ச் மாதமே எடுத்திருக்க வேண்டிய சபதம். ஆனால் எதுவும் கழுத்துவரை வந்தால்தான் செஸ்டருக்கு உறைக்கும். அதற்கு நிதானம் என்று அவனே பெயர் வைத்திருந்தான்.

டொலீடோவில், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற ஆல்வினின் பௌலிங் கூடத்தில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு காகித லீக் நடத்தினோம். மார்ச்சில் கூடி, நிஜ பேஸ்பால் ஆட்டக்காரர்களை ஆளுக்கு இத்தனை பேர் என்று ஏலம் எடுத்துக்கொள்வோம். மைதானத்தில் அவர்கள் ஓடி உழைப்பார்கள். மறுநாள் பேப்பரில் வரும் விவரத்தைப் பார்த்துப் புள்ளி போட்டுக்கொள்வது நாங்கள். வியர்க்காமல் விளையாடுகிற விளையாட்டு. எங்களில் செஸ்டர் ஒருவன், அவன் மனைவி பெர்னடீன் ஒருத்தி. நாலு வருஷமாக அவள்தான் முதலிடம். அவன் ஆறு, ஏழு என்று ஊஞ்சலாடுவான். எட்டாவது யார் என்று கேட்காதீர்கள், கதை சொல்கிறவனுக்கும் மானம் உண்டு.

ஆனால் அந்த வருஷம் வெறும் புள்ளிக்காக நடந்த போட்டி அல்ல அது. செஸ்டர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன். கோடை முழுக்க லீவு. அந்த லீவை அவன் கழிப்பது வீட்டுக்குக் கீழே இருக்கிற நிலவறையில். அங்கே ஒரு டிவி, ஒரு குட்டி ஃபிரிட்ஜ், அவன் உருவத்துக்கே குழிந்துபோன ஒரு சாய்வு நாற்காலி. மேலே வீடு பெர்னடீனுடையது, கீழே ராஜ்யம் அவனுடையது. அந்த ராஜ்யத்தின் மேல்தான் அவள் கண் விழுந்தது. டெட்ராய்ட்டில் தனியாக இருக்கிற அக்கா லொரெட்டாவைக் கூட்டிக்கொண்டு வந்து அங்கே குடிவைக்க வேண்டுமாம். லொரெட்டா வந்தால் தனியாக வரமாட்டாள், அக்கார்டியனோடு வருவாள். காலை ஆறு மணிக்கு எழுந்து அதை வாசிப்பாள். வாசிப்பாள் என்பது மரியாதைக்குச் சொல்வது.

வாக்குவாதம் முற்றியது, பந்தயத்தில் போய் நின்றது. சீசன் முடியும்போது காகித லீக்கில் இரண்டு பேரில் யார் மேலே இருக்கிறார்களோ அவர்கள் சொல்கிறபடி நிலவறை.

அதிசயமாக அந்த வருஷம் செஸ்டர் மூன்றாவது இடத்தில் இருந்தான். பெர்னடீன் இரண்டாவது. முந்திப் போயிருப்பான், ஒரே ஒரு ஆள் காலைப் பிடித்து இழுக்காமல் இருந்தால். அந்த ஆள் பெயர் டெல்பர்ட் ரஸ்க். டீயில் நனைத்துத் தின்கிற ரஸ்க் இல்லை. ஆனால் அந்த வருஷம் எதிரணிக்காரர்கள் அவனை அப்படித்தான் தின்றார்கள். ரஸ்க் ஒரு ரிலீஃப் பிட்சர். ஜெயிக்கப் போகிற ஆட்டத்தைக் கடைசி நேரத்தில் வந்து பந்து வீசிக் காப்பாற்ற வேண்டியவன். அவன் வந்து காப்பாற்றியதெல்லாம் எதிரணியை.

மார்ச் ஏலத்தில் அவனை எடுத்தது சாட்சாத் செஸ்டர்தான். "கல்லுக்குள்ள வைரம்டா!" என்று மேஜையைத் தட்டிச் சொன்னவன். இப்போது அந்த மேஜையைப் பார்த்தாலே அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெடித்தது சேதி. எங்கள் ஊர் அணி ஹெரன்ஸ், ஊரே தலையில் வைத்துக் கொண்டாடிய கிஸ்னெரோஸைக் கொடுத்துவிட்டு, அதே டெல்பர்ட் ரஸ்க்கை வாங்கியிருக்கிறது!

செஸ்டருக்கு ரத்தம் கொதித்தது. இருபத்தெட்டு வருஷ ரசிகன். ஊர் ரேடியோவில் சாயங்காலம் ரசிகர்கள் போன் போட்டுப் பேசுகிற நிகழ்ச்சி ஒன்று உண்டு. பேசியே ஆகவேண்டும். ஆனால் ரஸ்க்கை யார் தலையிலாவது கட்டவும் வேண்டுமே! காகித லீக்கில் ஆள் மாற்றிக்கொள்ள ஞாயிறு மதியம்தான் கடைசிக் கெடு. சொந்தப் பெயரில் திட்டினால் எவன் வாங்குவான்? யோசித்தான். கார் ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினான். போன் வாயில் கைக்குட்டையைச் சுற்றினான்.

"சொல்லுங்க, யார் பேசுறது?"

"பெரிஸ்பர்க்லேர்ந்து வால்டர்."

"வால்டர், இந்த வியாபாரத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

"சைபர்! அதுக்குக் கீழ ஏதாவது இருந்தா அதையும் போட்டுக்குங்க. வீட்டுல இருந்த பசுவை வித்துட்டு, செத்த கோழியை வாங்கிட்டு வந்திருக்காங்க!"

"அந்தப் பிட்சர் தேறவே மாட்டானா?"

"அவனா? என் பாட்டி எந்திரிச்சு வந்தாக்கூட அவன் பந்தை வேலி தாண்டி அடிப்பா!"

பத்து நிமிஷம் பேசினான். மனசு இறகு மாதிரி லேசாகிவிட்டது. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி சமையலறைக்குள் நுழைந்தான்.

பெர்னடீன் பேக்கரியில் வேலை பார்க்கிறவள், வீட்டுக்கு வந்தாலும் மாவைத் தொடாமல் இருக்க மாட்டாள். கசகசா ரோல் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தது. ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அவள் மேஜையில் உட்கார்ந்து ஏதோ ஒரு காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

"பெரிஸ்பர்க்காரர் ஒருத்தர் பேசினார், கேட்டியா?" என்றாள். "பாவம், மனுஷனுக்கு பயங்கர ஜலதோஷம்."

"நான் எங்க கேட்டேன்? ஷெட்ல ஸ்பானர் தேடிக்கிட்டு இருந்தேன்."

"ரஸ்க்கை நார் நாராக் கிழிச்சிட்டார்."

"அந்த ஆளுக்கு என்ன தெரியும்?" செஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். சந்தர்ப்பம் தானாக வந்து மடியில் விழுகிறது! "ரஸ்க் தங்கம் பெர்னி. ஊர் மாறினா சரியாயிடுவான். நம்ம ஏரிக் காத்து பட்டா போதும்."

"அப்படியா?"

"சத்தியமா! எனக்கு மனசே இல்ல, ஆனா உனக்குக் கொடுத்துடலாம்னு பார்க்கிறேன்."

"எனக்கு எதுக்கு? உன் தங்கம், நீயே பூட்டி வச்சுக்கோ."

"உன் டீம்ல ரிலீஃபுக்கு ஆளே இல்லையே, பாவமா இருக்கு."

"முப்பத்தொரு வருஷத்துல முதல் தடவையா என்னைப் பார்த்துப் பாவப்படுற. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"விளையாடாதே. அவனை எடுத்துக்கோ, உன் மொட்டை கேட்ச்சரைக் குடு. ஒண்ணுக்கு ஒண்ணு."

"மொட்டை நல்லவன்."

"நல்லவன்தான். பந்தைப் பிடிக்க உட்கார்ந்தா எந்திரிக்க ரெண்டு ஆள் வேணும்."

"அப்ப எதுக்குக் கேக்குற?"

செஸ்டர் மேஜையில் சிந்தியிருந்த கசகசாவை விரலால் ஒற்றி எடுத்தான். அவள் ரோலை வெட்ட ஆரம்பித்தாள். வெட்டிக்கொண்டே, "உன்கிட்ட, பிட்சர் அசந்தா அடுத்த பேஸுக்கு ஓடிடுற ஒருத்தன் இருக்கானே, பேஸ் திருடுறதுல கில்லாடி. அவனையும் சேர்த்துக் குடுத்தா யோசிக்கலாம்" என்றாள்.

"அவன் என் வலது கை!"

"சரி, விடு. ஆல்வினைக் கேட்டுப் பாரு."

ஆல்வினை மதியமே கேட்டாயிற்று. ஆல்வின் சிரித்த சிரிப்பில் பௌலிங் கூடத்துக் கட்டைகள் தானாகவே சாய்ந்திருக்கும். என்னையும் கேட்டான். எட்டாவது இடத்தில் இருக்கிற நானே வேண்டாம் என்றுவிட்டேன். செஸ்டர் மனசுக்குள் கூட்டிக் கழித்தான். ரஸ்க் பந்து வீசுகிற ஒவ்வொரு நாளும் பெர்னடீனின் புள்ளி கரையும். நிலவறை மிஞ்சும். அதற்கு ஒரு கில்லாடியைப் பலி கொடுத்தால்தான் என்ன?

"சரி, எடுத்துக்கோ" என்றான், தொண்டை அடைத்தது போல நடித்து.

மறுநாள் ஆல்வின் கூடத்துப் பலகையில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் செஸ்டர் நிலவறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் போல்கா ஆடினான். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அவளை ஏமாற்றிவிட்டான் ஐயா!

முதல் இரண்டு ஆட்டங்களில் ரஸ்க் வழக்கம்போல வாங்கிக் கட்டிக்கொண்டான். செஸ்டர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "ச்சே, இப்படி ஆயிடுச்சே" என்று துக்கம் விசாரித்தான். பெர்னடீனும் பெருமூச்சு விட்டாள். அவனுக்கு அது தேனாக இனித்தது.

மூன்றாவது ஆட்டத்தில் ரஸ்க் ஒரு புதுப் பழக்கத்தோடு வந்தான். பந்து வீசுவதற்கு முன்னால் கையுறையைத் தூக்கி, கண்ணுக்குக் கீழே மொத்த முகத்தையும் மூடிக்கொண்டான்.

"பார்த்தியா, ஊர் முகத்துல முழிக்க வெட்கமா இருக்கு அவனுக்கு!" என்று செஸ்டர் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"இருக்கும், இருக்கும்" என்றாள் பெர்னடீன்.

அன்று மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் காற்றை அடித்துவிட்டுப் போனார்கள். மறுநாளும் அப்படியே. அந்த வாரம் முழுக்க அப்படியே. குருட்டு அதிர்ஷ்டம் என்றான் செஸ்டர். ஆகஸ்ட் முடிந்தது, அதிர்ஷ்டம் முடியவில்லை. செப்டம்பரில் ரஸ்க் மைதானத்துக்குள் வந்தாலே எதிரணிக்காரர்கள் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். மொட்டை கேட்ச்சரோ ஒரு நாள் உட்கார்ந்தான், நிஜமாகவே எழுந்திருக்கவில்லை. சீசன் முடிகிறவரை அவனுக்குக் கட்டில்தான். கில்லாடி மட்டும் பெர்னடீனுக்காக விழுந்து விழுந்து திருடினான்.

ஊரே கொண்டாடியது. சைபர் மார்க் போட்ட வால்டரை ரேடியோக்காரன் தினமும் கூப்பிட்டான், "பெரிஸ்பர்க் வால்டர், எங்கிருந்தாலும் வரவும்" என்று. வால்டர் வரவில்லை. வால்டர் நிலவறையில் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தான். தன்னைத் தானே திட்டிக்கொள்வதில் செஸ்டருக்கு நல்ல தேர்ச்சி உண்டு. "மடையா, வைரம்னு நீதானே சொன்னே! சொன்னவன் சும்மா இருந்திருக்கலாம்ல!" என்று சாய்வு நாற்காலியிடம் புலம்பினான்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை. கடைசி ஆட்டம். செஸ்டரின் மற்ற ஆட்கள் செப்டம்பரில் வெளுத்து வாங்கிய புண்ணியத்தில், ஆல்வின் போட்டு வைத்த நிலவரப்படி அவன் அரைப் புள்ளி முன்னால். இன்றைக்கு ரஸ்க் இன்னும் ஒரு ஆட்டத்தைக் காப்பாற்றினால் பெர்னடீன் அரைப் புள்ளி முன்னால். இரண்டு பேரும் மைதானத்துக்கே போனார்கள். அவள் கடலையை உரித்து உரித்துத் தின்றாள். அவன் சாஸேஜைக் கடிக்காமலே கையில் வைத்துப் பிசைந்தான்.

ஒன்பதாவது இன்னிங்ஸ், அதாவது கடைசி. ஹெரன்ஸ் ஒரே ஒரு ரன் முன்னிலை. கதவு திறந்தது, ரஸ்க் வந்தான். நாற்பதாயிரம் பேர் எழுந்து நின்று கத்தினார்கள். ஒருத்தன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

இரண்டு பேர் அவுட். மூன்றாமவனும் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது; அவன் மட்டையோடு வந்தான். "அடிடா ராஜா, அடி!" என்று செஸ்டரையும் அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது. முன்வரிசையிலிருந்து லாரி மாதிரி ஒரு ஆள் திரும்பினான்.

"நீ எந்த ஊர்க்காரன்யா?"

"இந்த ஊர்தான்."

"அப்ப யாரை அடிக்கச் சொல்ற?"

"குடும்ப விஷயம் சார்" என்றான் செஸ்டர் பரிதாபமாக.

ரஸ்க் கையுறையால் முகத்தை மூடினான். பந்து போயிற்று. மட்டை சுழன்றது. காற்று மட்டும்தான் அடிபட்டது.

கார் நிறுத்துமிடத்துக்கு வரும்வரை செஸ்டர் நிலவறையையே நினைத்துக்கொண்டு நடந்தான். இருபது வருஷமாக அவன் கால் நீட்டிப் படுத்த ஒரே இடம். போயிற்று.

பெர்னடீன் காரில் ஏறி ரேடியோவைத் திருப்பினாள். "நேரா பஸ் நிலையத்துக்கு விடு. அஞ்சு மணி பஸ்ல லொரெட்டா வர்றா."

"இன்னிக்கேவா? ஆட்டம் இப்பத்தானே முடிஞ்சுது?"

"டிக்கெட் போன மாசமே எடுத்தாச்சு."

அவன் வாயைத் திறப்பதற்குள் ரேடியோவில் ரஸ்க்கின் குரல் வந்தது. எப்படி இந்த மாற்றம் என்று யாரோ கேட்டார்கள்.

"ஒரு அம்மாதாங்க காரணம்" என்றான் ரஸ்க். "நான் இங்க வந்த அன்னிக்கே பந்துவீச்சுக் கோச்சுக்கு ஒரு கசகசா ரோல் பார்சல் வந்துச்சு. உள்ள ஒரு கடுதாசி. 'உங்க ஆளு மெதுவான பந்து போடுறதுக்கு முன்னாடி இடது கன்னத்தை உப்புறான். மட்டை பிடிக்கிறவன் எல்லாம் அதைப் பார்த்துத்தான் அடிக்கிறான். முகத்தை மூடிக்கச் சொல்லுங்க'ன்னு எழுதியிருந்தாங்க. முதல்ல கோச் ரோலைத் தின்னுட்டுக் கடுதாசியைத் தூக்கிப் போட்டுட்டார். நாலு நாள் கழிச்சு, இன்னொரு ரோல் இருக்கான்னு டப்பாவைத் தேடினப்பதான் படிச்சார்."

செஸ்டர் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"பெர்னி... எப்ப எழுதின?"

"வால்டர் போன்ல இருந்தப்ப."

"அப்ப என்கிட்ட கையெழுத்து போடும்போது..."

"தபால்ல சேர்த்துட்டுத்தான் வந்தேன்."

"சம்பளம் வாங்குற கோச்சுங்க அத்தனை பேர் இருக்காங்க. அவங்களுக்கே தெரியலையே! உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அவங்க பந்தைப் பார்த்தாங்க, நான் மூஞ்சியைப் பார்த்தேன். ஒரு ஆம்பளை ஏமாத்தப் போறான்னா மூஞ்சியில எங்கயாவது தெரிஞ்சுடும். முப்பத்தொரு வருஷமா பார்த்த பழக்கம்."

செஸ்டர் மெதுவாகக் கார்க் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி முகத்தைப் பார்த்தான். முகத்தில் அசடுதான் வழிந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

"எனக்குமா? ரஸ்க் தங்கம்னு நான் சொன்னப்ப..."

"'தங்கம்'ல 'த' வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது."

"நான் என்ன பண்ணுவேன்? கன்னமா? மூக்கா? புருவமா? நிலவறை போனாப் போகட்டும் பெர்னி, லொரெட்டா அக்கார்டியன் வாசிச்சா வாசிக்கட்டும், இதை மட்டும் சொல்லிடு!"

பெர்னடீன் மடியிலிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டாள். கண்ணாடியைப் பழையபடி திருப்பி வைத்தாள்.

"அவனுக்குச் சொன்னேன், திருந்திட்டான். உனக்கும் சொல்லிட்டா, அப்புறம் நான் எப்படிக் குடித்தனம் பண்றது?"