டாக்டரம்மாவின் விரல்

"விரலைத்தானே பாக்கச் சொன்னாங்க? மூஞ்சிய எதுக்குப் பாத்தீங்க? கதவிடுக்குல நான் பாத்துட்டுதான் இருந்தேன்."

பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை பொறுத்துப் பார்த்த பார்வதம், அதற்குமேல் முடியாமல் புருஷனிடம் கேட்டே விட்டாள்.

"விரல் மூஞ்சிக்கு முன்னாடிதானே இருக்கு, பார்வதம்," என்றார் ரவிச்சந்திரன்.

லாட்டரிக்குத் தடை வராத காலம் அது. அவருக்குக் கல்பாக்கத்தில் ஆபீஸ் உத்தியோகம். நல்ல மனுஷன், லாட்டரிச் சீட்டைக் கண்டால் மட்டும் கை சும்மா இருக்காது. பார்வதத்தின் வளையலும் சீட்டாக மாறிய பிறகுதான், யாரோ சொல்லிச் செங்கல்பட்டு டாக்டர் ஜெஸ்ஸியிடம் போனார்கள். மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. சீட்டுக்காக மனம் பரபரக்கும் நேரத்தை நினைத்துக்கொண்டு, டாக்டர் இடமும் வலமுமாக ஆட்டுகிற விரலைக் கண்ணால் தொடர வேண்டும். ஆட்ட ஆட்டப் பரபரப்பு அடங்கிவிடுமாம்.

வைத்தியம் பார்வதத்துக்குப் பிடித்துத்தான் இருந்தது. விரல்தான் பிடிக்கவில்லை. அதில் ரோஸ் கலர் நெயில்பாலிஷ் வேறு. கல்யாணமான நாளிலிருந்து தன்னை அவர் இப்படி வைத்த கண் வாங்காமல் பார்த்ததுண்டா?

அடுத்த வியாழக்கிழமை அவளும் உள்ளே போனாள். "நீங்க கூட இருந்தா அவருக்கு மனசு நிலைக்காதும்மா. கொஞ்சம் வெளியே இருங்க," என்றாள் ஜெஸ்ஸி. சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைத்தான் பார்வதத்தால் தாங்க முடியவில்லை. அன்றைக்குக் கதவையும் இழுத்துச் சாத்திவிட்டார்கள்.

ஆனால் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்றால் ஜன்னல் தெரியும். எதிர்ப்பக்கம் இருந்தது செல்வராஜின் லாட்டரிக் கடை.

"இன்னாம்மா, சும்மா நின்னுகினு கீறே? யாவாரம் கெடுதுல்ல. ஒண்ணு வாங்கிக்கினு ஸ்டூல்ல குந்து," என்றான் செல்வராஜ்.

உளவு பார்க்க வந்தவள் வேறென்ன செய்வாள்? எந்த நம்பர் வேண்டும் என்று அவன் கேட்டபோது, ஜெஸ்ஸியின் ஸ்கூட்டி கண்ணில் பட்டது. அதன் நம்பர் ஏழில் முடிந்தது.

"ஏழுல முடியறது குடுங்க."

மறுவாரம் போனால் ஏழுக்குப் பரிசு விழுந்திருந்தது. சின்னப் பரிசுதான். ஆனாலும் ஜெஸ்ஸியிடமிருந்தே எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி பார்வதத்துக்கு மனம் குளிர்ந்துபோனது.

வியாழக்கிழமை மட்டும் காவல் காத்தால் போதுமா? மற்ற நாளில் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்தால்? அவர் வேலைக்குக் கிளம்பியதும் இவளும் பஸ் ஏறினாள். ஜெஸ்ஸி மூன்று மணிக்குக் காபி குடித்தால் மூன்று. புதுச் செருப்பு போட்டு வந்தால் இரண்டு கால், ஆக இரண்டு. எல்லாம் துப்பறிகிற செலவு என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். வீட்டில் சாம்பாரில் பருப்பு குறைந்துகொண்டே வந்தது.

ரவிச்சந்திரனோ இப்போதெல்லாம் சீட்டுக் கடைப்பக்கம் திரும்புவதுகூட இல்லை. "எனக்குச் சரியாப் போச்சு, பார்வதம்," என்று அவரே சொன்னார். சரியாகிப் போன மனுஷன் அப்புறமும் வியாழக்கிழமை தவறாமல் செங்கல்பட்டுக்குக் கிளம்பினார். அதுதான் இடித்தது.

ஒருநாள் சாப்பிட்டு முடித்ததும் எதிரில் உட்கார்ந்து, தன் விரலை அவள் கண்முன் இடமும் வலமுமாக ஆட்டினார்.

"இதையே கொஞ்ச நேரம் பாரேன்."

"அவ நெனப்பு வீட்டுக்குள்ளயும் வந்துடுச்சா?" என்று விரலைத் தட்டிவிட்டாள். அவர் முகம் தொங்கிப்போனது.

கண்ணைத் தன் பக்கம் திருப்பியே தீருவதென்று, ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவை கட்டிப் பூ வைத்துக்கொண்டு அவரை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனாள். பஸ் ஸ்டாண்டுக் கடை வரிசையில், தொங்கிய சீட்டுகளுக்கு முன்னால் அவள் நின்றதுதான் தாமதம், அவர் கையைப் பிடித்துக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"யாரைப் பாத்துட்டு இப்படி ஓடறீங்க? அவளா?"

"யாரும் இல்ல. நீ அங்க நிக்காத, அவ்ளோதான்."

மணலில் உட்கார்ந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஒரு தடவை நாம ரெண்டு பேருமா டாக்டர் முன்னாடி உக்காந்து பேசுவோமா?"

பட்டுப்புடவை கட்டியவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த டாக்டரம்மா பேச்சு. பார்வதம் அலையைப் பார்த்து அழுதாள். இத்தனை வருஷம் சீட்டோடு பங்கு போட்டுக்கொண்ட புருஷனை, சீட்டு விட்ட பிறகும் முழுசாக அடைய முடியவில்லையே என்று அழுதாள்.

அந்த வியாழக்கிழமை ஸ்டூலில் உட்கார்ந்தபடி ஜன்னலைப் பார்த்தாள். உள்ளே ரவிச்சந்திரன் தலையைக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெஸ்ஸி தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

பார்வதம் விருட்டென்று எழுந்தாள். "அண்ணே, ஏழுல ஒண்ணு எடுத்து வைங்க. தோ, வந்துடறேன்."

ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் கொடுக்கும் ஞானம்மாள் குறுக்கே கையை நீட்டினாள்.

"வழியை விடும்மா. அவருக்குத்தான் குணமாயிடுச்சே, அப்புறம் வாராவாரம் உள்ள என்ன வேலை? எனக்கு இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்."

"கத்தாதம்மா. சாருக்கு எப்பவோ சரியாப்பூட்ச்சி," என்றாள் ஞானம்மாள். "எதிர்க் கடைல குந்திகினு சீட்டு வாங்கற சம்சாரத்த இன்னா சொல்லி உள்ள இட்டாறதுன்னு தெரியாமதான், பாவம், வாராவாரம் வந்து அயுதுகினு கீறாரு."