தூக்குகிற அளவு நாய்

முதலில் ஒரு விடுகதை. சட்டைப்பையில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தது. இப்போது அது சோபாவில் உட்கார்ந்தால் நமக்குத் தரைதான். கூப்பிட்டால் ஓடி வரும்; ஓடி வந்தால் நாம் விழுவோம். அது என்ன?

குழந்தை என்று யாரோ சொல்கிறீர்கள். குழந்தை சட்டைப்பையில் வராது. தொப்பையா? தொப்பை கூப்பிடாமலே வரும். சரி, உங்களைச் சோதிக்காமல் நானே சொல்லிவிடுகிறேன். அது ஒரு நாய். பெயர் பொத்தான்.

பொத்தானை வாங்கி வந்தவரை அந்தக் குடியிருப்பில் எல்லோரும் தராசுக்காரர் என்பார்கள். தராசு விற்பவர் அல்ல. கடை கடையாகப் போய், அங்கே இருக்கும் தராசு சரியாக நிறுக்கிறதா என்று பார்த்து முத்திரை வைப்பது அவர் வேலை. உடம்புக்குக் கஷ்டமான வேலை இல்லை. ஆனால் அவர் தலை தெரிந்ததும் கடைக்காரர்கள் சிரிப்பை நிறுத்திவிடுவார்கள். பேச்சு பாதியில் நின்றுபோகும். "வாங்க சார்" என்று ஒரு குரல் வரும். அதற்குப் பிறகு மின்விசிறிச் சத்தம்தான். மனிதர்கள் சிரித்துப் பேசுகிற கடையை அவர் வெளியில் நின்றுதான் பார்த்திருக்கிறார்.

வீட்டிலும் ஏறக்குறைய இதே கதைதான். மனைவி மருத்துவமனையில் இரவு நேர நர்ஸ். தராசுக்காரர் சாயங்காலம் மூன்று மாடி ஏறி வரும்போது சமையலறையில் அம்மாவும் மகளும் சிரிக்கும் சத்தம் கேட்கும். செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி தோளில் பையோடு எதிரே வந்துவிடுவாள். "சாவி ஆணியில இருக்கு. சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்." அவ்வளவுதான். பத்து வயது மகள் பாடம் படிக்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொள்வாள். அவர் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவார். சுவரில் ஒரு விரிசல் இருந்தது. அதோடு நல்ல பழக்கம் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் ஒன்றாக இருப்பார்கள். அன்றைக்கு வாக்கெடுப்பு. இது மனைவி கொண்டுவந்த வழக்கம். திரைச்சீலைக்கு என்ன நிறம், எங்கே போவது, ரேடியோ எவ்வளவு சத்தம், எல்லாவற்றுக்கும் கை தூக்க வேண்டும். மகள் எப்போதும் அம்மா பக்கம். இரண்டுக்கு ஒன்று என்று அவர் தோற்பார். ஒருமுறை தந்திரமாகத் தனக்குப் பிடிக்காத பச்சைத் திரைச்சீலைக்குக் கை தூக்கிப் பார்த்தார். அன்றைக்கு மட்டும் மூன்று பேரும் ஒரே பக்கமாகிவிட்டார்கள். பச்சைத் திரைச்சீலை இன்றும் தொங்குகிறது.

அந்தத் திரைச்சீலையைப் பார்த்தபடிதான் ஒருநாள் அவர் சபதம் எடுத்தார். இந்த வீட்டில் என் பக்கம் இன்னொரு கை வேண்டும். இரண்டு கால் கையோ, நாலு கால் கையோ, ஏதோ ஒரு கை!

மறுநாளே சட்டைப்பை அசைய வீட்டுக்கு வந்தார்.

"என்னங்க அது, பைக்குள்ள நெளியுது?"

"நாய்க்குட்டி. உள்ளங்கை ஜாதி. கடைசி வரைக்கும் இதே சைஸ்தான்."

"யாரு சொன்னா?"

"கடைக்காரர்."

"ஊர்ல ஒரு கடைக்காரர் சொல்றதையும் நம்ப மாட்டீங்களே!"

"அது வேறம்மா. அந்தக் கடையில தராசே இல்ல."

மனைவி குட்டியின் முன்காலைத் தூக்கிப் பார்த்தாள். வார்டில் நோயாளியின் நாடி பார்க்கிற முகம்.

"பாதம் இவ்வளவு பெருசா இருக்கே?"

"இருந்தா என்ன? நல்லா நடக்கும்."

"இங்க நடக்கத்தான் கூடாதே."

அதுவும் நியாயம்தான். கீழே படிக்கட்டு ஓரம் ஒரு பலகை மாட்டியிருந்தது. 'நாயின் கால் படிக்கட்டில் படக்கூடாது. உரிமையாளர் கையில் தூக்கிச் செல்ல வேண்டும்.' அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. தரைத்தளத்தில், ஜன்னலோரம் நாற்காலி போட்டு அந்தப் பலகையைக் காவல் காப்பவர் குடியிருப்புச் சங்கச் செயலாளர்.

"தூக்குறது, குளிப்பாட்டுறது, சாப்பாடு போடுறது எல்லாம் என் பொறுப்பு" என்றார் தராசுக்காரர். "நீங்க ரெண்டு பேரும் தொடவே வேண்டாம். இது என் நாய்."

"தடவக்கூட கூடாதாப்பா?" என்றாள் மகள்.

"தேவைப்பட்டா கூப்பிடுறேன்."

மனைவி எதுவும் சொல்லவில்லை. அவள் எதுவும் சொல்லாத நாட்களில்தான் அவர் கவனமாக இருந்திருக்க வேண்டும்.

ஒரு மாதம் பிஸ்கட்டைக் காட்டிக் காட்டிப் பொத்தானுக்குக் கை தூக்கப் பழக்கினார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாக்கெடுப்புக்கு உட்கார்ந்தார். பச்சைத் திரைச்சீலையை எடுக்கலாமா வேண்டாமா?

"எடுக்கணும்! பொத்தான், கை தூக்கு!"

பொத்தான் தூக்கியது. ஆகா! இரண்டுக்கு இரண்டு. கல்யாணமான நாளிலிருந்து அவர் ஆசைப்பட்டதற்கு இரண்டு கை எழுந்த முதல் வாக்கெடுப்பு. பொத்தானைக் கட்டிக்கொண்டார்.

"சமமா?" என்றாள் மனைவி. "சமம்னா ஏற்கெனவே இருக்கிறது அப்படியே இருக்கும்ல?"

"ஆமா" என்றாள் மகள்.

திரைச்சீலை அப்படியே இருந்தது. ஆனாலும் அவருக்கு வருத்தமில்லை. தோற்கும்போது பக்கத்தில் ஒருவன் இருந்தான்.

அந்த ஒருவன் வளர்ந்தான். முதலில் பையிலிருந்து வழிந்தான். அப்புறம் மடித்த துணிபோல முழங்கையில் தொங்கினான். அப்புறம் தராசுக்காரர் அவனைத் தூக்கி வருவதைப் பார்த்தால், யாரோ அலமாரியோடு வீடு மாறுகிறார்கள் என்று தோன்றும். சமையலறைத் தராசில் நிறுத்தார். எண்ணைப் பார்த்தார்.

"இந்தத் தராசு சரியில்ல."

"அப்பா, அதுல உங்க முத்திரைதான் இருக்கு."

அன்றோடு நிறுப்பதை விட்டுவிட்டார்.

படிக்கட்டில் செயலாளர் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார், நாய் ரொம்ப வளர்ந்திருக்கே?"

"வளரல சார். முடி. முடிதான் அடர்த்தி."

"என் கையை நக்குதே, அந்த நாக்கும் முடியா?"

அவருக்கு மூச்சு வாங்கியது. மேலே ஏறிவிட்டார்.

காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் இறக்கி ஏற்ற வேண்டும். சாயங்காலம் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சிமெண்டு பெஞ்சில் இருவரும் உட்காருவார்கள். பொத்தான் உட்கார்ந்த மிச்சத்தில் அவர் உட்காருவார். அங்கேதான் பேசுவார். "இன்னைக்கு ஒரு கடையில, நான் நுழைஞ்சதும் ஒரு குழந்தைகூட அழுகையை நிறுத்திருச்சுடா." பொத்தான் ஒரு காதை மட்டும் தூக்கும். "சிரிக்காதேடா" என்பார். அது சிரிக்கவில்லை. அதனால்தான் அதனிடம் சொன்னார். பேச்சு முடிந்த பிறகும் கொஞ்சநேரம் உட்கார்ந்திருப்பார். மேலே மூடி வைத்த சாப்பாடு இருக்கிறது; சுவர் இருக்கிறது; அவசரம் ஒன்றும் இல்லை.

முதுகு வலிக்க ஆரம்பித்தது. மறைத்தார். நர்ஸிடம் மறைக்க முடியுமா?

"முதுகு எப்படி இருக்கு?"

"இருக்கிற இடத்துல இருக்கு."

"முதுகை வளைச்சுத் தூக்காதீங்க. முழங்காலை மடக்கி, உடம்போட சேர்த்து அணைச்சுத் தூக்கணும். நான் தினமும் வார்டுல ஆளைத் தூக்குறேன், எனக்குத் தெரியும்."

"ஆள் வேற, நாய் வேற."

"ஆமா. நாய் சொன்னா கேக்கும்."

அந்த வாரமே செயலாளர் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார்.

"சார், இனிமே சும்மா விட முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில எல்லார் முன்னாடியும் உரிமையாளர் நாயைத் தூக்கிட்டு மூணு மாடி ஏறிக் காட்டணும். முடியலன்னா ஊருக்கு வெளியே ஒரு பண்ணை இருக்கு. அங்க அனுப்பிடணும்."

"யார் சார் புகார் கொடுத்தது?"

"புகார் இல்ல. உங்க வீட்டம்மாதான் வந்து நாள் குறிச்சுட்டுப் போனாங்க."

தராசுக்காரர் பொத்தானோடு பின்பக்கம் போனார். அன்று பெஞ்சில் நெடுநேரம் இருந்தார். "நம்ம பக்கம் நாம ரெண்டு பேருதான்டா" என்றார். மனைவியிடம் கேட்கவில்லை. கேட்டு, அவள் 'ஆமா' என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அந்த வீட்டில் எப்படி இருப்பது?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாடிக்கு மாடி ஜனம். கைப்பிடிக் கம்பி முழுக்கத் தலைகள். மகள் முதல் திருப்பத்தில் நின்றிருந்தாள். தராசுக்காரர் பொத்தானை அள்ளினார். முதுகை வளைத்துத்தான் அள்ளினார். இத்தனை பேர் முன்னால் மனைவி சொன்னபடி தூக்குவதா?

நாலு படி நன்றாக ஏறினார். அடுத்த சில படிகள் கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். முதல் திருப்பத்தில் முதுகுக்குள் ஏதோ பூட்டிக்கொண்டது. குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஆனால் பிடியை விடவில்லை. செயலாளர் மண்டியிட்டுப் பொத்தானின் பின்னங்கால்களை உற்றுப் பார்த்தார்.

"படப்போகுது சார். படப்போகுது."

மேலேயிருந்து மனைவி இறங்கி வந்தாள்.

"விடுங்க."

"மாட்டேன்."

"விடுங்கங்க!"

"பண்ணைக்கு அனுப்பத்தானே நாள் குறிச்சே?"

மனைவி பொத்தானைப் பார்த்தாள். முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். "ஏறு" என்றாள்.

அவர் கைகளுக்குள்ளிருந்து பொத்தான், கால் படியில் படாமல், தானாக நழுவியது. இரண்டு முன்கால்களையும் அவள் தோள்மேல் போட்டது. பின்னங்கால்களை அவள் இடுப்போடு மடக்கிக்கொண்டது. அவள் எழுந்து நின்றாள். அவ்வளவு பெரிய நாய், தூங்கப்போகிற குழந்தைபோல அவள் தோளில் தாடையைச் சாய்த்துக்கொண்டது. கம்பி ஓரத்துத் தலைகள் எல்லாம் "அட!" என்றன.

"இதை எப்போ பழக்கினே?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார் தராசுக்காரர். வேறெங்கும் பார்க்க முடியாத நிலை.

"தினமும் மத்தியானம். நீங்க ஆபீஸ் போனப்புறம் அவனை யாரு கீழ இறக்கினதுன்னு நினைச்சீங்க?"

"சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கிட்டு இருக்கான்னு நினைச்சேன்."

"நல்லா நினைச்சீங்க!"

"மத்தியானம் நான் தூங்குவேன், அதான் பாக்கல" என்றார் செயலாளர், யாரும் கேட்காமலே.

"தொட வேண்டாம்னு சொன்னேனே" என்றார் தராசுக்காரர்.

"பகல் முழுக்க இந்த வீட்டுல யாரு இருக்கா? இவ ஸ்கூலுக்குப் போயிடுறா, நீங்க ஆபீஸ். தூங்கி எழுந்தா நானும் அவனும்தான். நான் வேற யாரோட பேசுறதாம்?"

இத்தனை நாளும் பொத்தான் தனக்காகவே கதவைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறது என்று அவர் நம்பியிருந்தார். பகலில் அந்த வீடு எப்படி இருக்கும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கேப்பீங்களா? வாக்கெடுப்பு வெச்சாலும் சமம்னு வரும். முதுகு முழுசா உடையறதுக்குள்ள, இனிமே நான்தான் தூக்குவேன்னு எல்லார் முன்னாடியும் முடிவு கட்டணும்னுதான் நாள் குறிச்சேன். தள்ளுங்க சார், நான் ஏறணும்."

செயலாளர் தள்ளவில்லை. பலகையை எழுதியவர் அவர்தான்.

"கொஞ்சம் நில்லுங்கம்மா. உரிமையாளர் தூக்கணும்னு இருக்கு. சார்தானே கட்டடம் முழுக்க 'என் நாய், என் நாய்'னு சொல்லிட்டு இருந்தாரு?"

"நாய் என்னுது" என்றாள் மனைவி.

"இப்போ சொல்வீங்க. பெரியவங்க பேச்சு எனக்கு வேண்டாம். பாப்பா சொல்லட்டும். பாப்பா, பொய் சொல்லக்கூடாது. அப்பாவோட நாய்னா, அப்பாவால தூக்க முடியல, பண்ணைக்குப் போகணும். அம்மாவோட நாய்னா மாடிக்குப் போகலாம். யாரோட நாய்?"

படிக்கட்டு முழுவதும் பேச்சு நின்றது. அந்த அமைதி தராசுக்காரருக்குப் பழக்கமானதுதான். குனிந்த நிலையில் அவருக்குத் தெரிந்தவை: செயலாளரின் காலணி, மனைவியின் குதிகால், கீழே தொங்கி மெதுவாக ஆடும் ஒரு வால், மகளின் நீலச் செருப்பு. 'அப்பாவோடது' என்று ஒரு வார்த்தை கேட்க ஆசையாக இருந்தது. அதைக் கேட்டுவிடக்கூடாதே என்றும் இருந்தது. நீலச் செருப்பு அவர் பக்கம் திரும்பி, கொஞ்சநேரம் அங்கேயே நின்றது.

"அம்மாவோடது" என்று மகள் சொன்னாள்.