சீனப் பெரியப்பாவுக்கு ஒரு மாலை

வெள்ளவத்தை,
12.09.1997

அன்புள்ள மைத்துனர் யோகநாதனுக்கு,

அத்தான் தில்லைநாதன் எழுதுவது. நாங்கள் சுகம். நீரும் லண்டன் குளிரில் இருமலில்லாமல் இருக்க அம்மன் துணை.

நீர் அனுப்பிய சீனச் சக்கரவர்த்தியின் படம் கசங்காமல் வந்து சேர்ந்தது. என்னிடமுள்ள அரண்மனை ஓவியப் பிரதிகளில் இதற்கு நிகராக ஒன்றுமில்லை. பட்டில் அச்சிட்டும் தாடி மயிர் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிகிறது. மஞ்சள் அங்கியிலுள்ள டிராகனின் நகம்கூட மங்கவில்லை. இதன் சோடியான மகாராணி படத்தைத்தான் அடுத்ததாகக் கேட்க இருந்தேன். கேட்க முடியாமற்போன கதையைக் கேளும்.

படத்தை ஹோலில் மாட்டிய கிழமையே செக்கிங் வந்தது. வந்த ஆமிக்காரப் பொடியன் கட்டிலுக்குக் கீழே பார்த்தான், அரிசி வாளிக்குள் பார்த்தான், கடைசியில் படத்தைப் பார்த்து, "மே கவுத?" என்று சிங்களத்தில் கேட்டான், இது யாரென்று. செக்கிங்கில் யாரென்று கேட்டால் உடனே உறவுமுறை சொல்லிப் பழகிப்போன உம்முடைய அக்கா கனகேஸ்வரி, பதற்றத்தில், "அபே லொக்கு தாத்தா" என்றுவிட்டா. எங்களுடைய பெரியப்பாவாம்! உம்முடைய குடும்பத்தில் ஒருவர் பீக்கிங்கில் அரசாண்டது முதலே தெரிந்திருந்தால் நான் சீதனத்தைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டிருப்பேன். அவன் விடவில்லை, வீட்டிலிருப்பவர்களின் பொலிஸ் பதிவில் இவர் பெயர் இல்லையே, ஆள் எங்கே என்றான். அக்கா நின்ற நிலையிலேயே சக்கரவர்த்தியைச் சாகடித்தா. செத்தவருக்கு மாலை எங்கே என்று இனி எவரும் கேட்கக்கூடாதென்று, அன்று பின்னேரமே மாலை, சந்தனப் பொட்டு, விளக்கு எல்லாம் வந்தன. அதைக் கண்ட பக்கத்து வீட்டு பைறோஸா, "எப்ப மவுத்தானாரு? எங்களுக்கு ஒரு வார்த்த சொல்ல இல்லயே" என்று கண் கலங்கி, செத்தவீட்டில் அடுப்பு எரியாதென்று சோறும் பருப்பும் சமைத்து அனுப்பினா. நான் இரண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டது துக்கத்துக்குப் பொருந்தவில்லையென்று அக்காவிடம் பேச்சு வாங்கினேன்.

"உங்கட படங்களால நான் இன்னும் ஆரைச் சாகடிக்கிறது? இனி ஒரு சொந்தக்காரரும் வேண்டாம்," என்று சொல்லிப்போட்டா. ஆகவே மகாராணியை அனுப்பவேண்டாம். அவவுக்கென்று நான் அடித்த ஆணியில் இப்போது அக்காவின் குடை தொங்குகிறது.

உமக்கும் கௌரிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
படம் சேர்ப்பதை நிறுத்திவிட்ட அத்தான்,
தில்லைநாதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் அதே பொடியன் திரும்பவும் வந்தான். மாலையைக் கண்டு தொப்பியைக் கழற்றினான். பிறகு, "லொக்கு அம்மாகே பொட்டோ எக கோ?" என்றான். பெரியம்மாவின் படம் எங்கேயாம். அக்கா யோசிக்கவேயில்லை: "லண்டன்வல. மல்லி எவனவா." லண்டனில் இருக்கிறதாம், தம்பி அனுப்புவானாம். அந்த மல்லி நீர்தான். அடுத்த செக்கிங்குக்கு முதல் மகாராணி இங்கே வந்து சேரவேண்டும். குடையை எடுத்துவிட்டேன்.