நாலு மீட்டரில் மிச்சம் எங்கே?

விளையாட்டுக் கம்பெனியில் சுழல் நாற்காலியில் அமர்ந்திருக்கும் என் தங்கை மகனுக்கு, உன் தாய்மாமன், சீருடைத் தையல்காரன், எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தையும் தையல் மிஷினும் சுகம். நீ சுகமா என்பதைக் கடிதத்தின் முடிவில் கேட்கிறேன். இப்போது கேட்க மனம் வரவில்லை.

ஆறு மாதம் முன்பு நீ கடைக்கு வந்து, "மாமா, எங்க போர் விளையாட்டுல ஒரு வீரன், ஒரு வீராங்கனை. ரெண்டு பேர் உடுப்பும் நிஜ டெய்லர் வெட்டின மாதிரி இருக்கணும்" என்றாய். யாரிடமும் தொழில் கற்காமல், பழைய சட்டைகளைப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டவன் நான். என்னைத் தேடியும் ஒரு கம்பெனி வருகிறதே என்று உச்சி குளிர்ந்து, ஆளுக்கு இரண்டு தாளில் படம் போட்டு, மடிப்பு, காஜா, பாக்கெட் எல்லாம் குறித்து, ஆளுக்கு நாலு மீட்டர் என்று எழுதித் தபாலில் அனுப்பினேன். வீரனுடைய இடது முழங்கை அளவில் டீ சிந்தி ஒரு எண் அழிந்துவிட்டது என்று உங்கள் ஆபீசிலிருந்து நாலு தடவை போன் வந்தது. எவ்வளவு பொறுப்பான பிள்ளைகள் என்று உன் அத்தையிடம் பெருமையடித்துக்கொண்டேன். அந்த வாயைத்தான் தைக்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை தீயணைப்பு நிலையத்து அதிகாரியம்மா வந்தார். பதினெட்டு வருஷமாக என்னிடம்தான் தைக்கிறார். ஏணி ஏறும்போது முழங்காலில் பிடிக்காத கால்சட்டை என் கடையில்தான் கிடைக்கும் என்று நாலு பேரிடம் சொன்னவர். அன்றைக்கு உட்காரவில்லை. மகளுடைய போனை வெட்டுமேஜையில் வைத்தார். திரையில் பனிமலை. உன் வீரன் கழுத்துவரை தோலும் கம்பளியுமாக மூட்டைபோல் நிற்கிறான். பக்கத்தில் வீராங்கனை. தோள் முதல் மார்புவரை என் வெட்டு, சந்தேகமில்லை. அதற்குக் கீழே கைக்குட்டை அளவில் ஏதோ ஒன்று. சட்டைக்குக் கை இல்லை, வயிற்றை மூட ஒன்றுமில்லை, கால்சட்டை என்ற பேச்சே இல்லை. பனியில் குதிகால் உயர்ந்த செருப்பு வேறு. மூலையில் 'உடை அளவு' என்று கொட்டை எழுத்தில் என் பெயர்!

"என்ன மாஸ்டர், எங்க ஸ்டேஷன் பொண்ணுங்க பன்னிரண்டு பேருக்கும் இப்படித்தான் தைக்கப் போறீங்களா?"

"அம்மா, இது என் வெட்டு இல்லம்மா."

"உங்க பேர் போட்டிருக்கே. அப்ப மிச்சத் துணி எங்க?"

தையல்காரனிடம் கேட்கக் கூடாத கேள்வி அது ஒன்றுதான். பதில் சொல்ல வாய் திறப்பதற்குள், தைக்கக் கொடுத்திருந்த பன்னிரண்டு பேர் துணியையும் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாற்பது வருஷத்தில் வெட்டாத துணி என் கடைப் படி இறங்கியது இதுதான் முதல் தடவை. எதிர்க்கடைத் தையல்காரன் வாசலில் நின்று சிரித்தான். அவனுக்கு முன்பே தெரியுமோ என்று எனக்குச் சந்தேகம். உங்கள் ஆபீசில் அவனுக்கு யாராவது சொந்தமா, விசாரி.

உனக்குப் போன் செய்தால், "மாமா, அங்க துணியே கிடையாது. வெறும் படம்" என்கிறாய். வெறும் படம் என்றால் தாராளமாக வரையலாமே, யார் மீட்டர் கணக்குக் கேட்கப் போகிறார்கள்? வீரனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது அவ்வளவு கம்பளி? "விளையாடுறவங்க அதத்தான் எதிர்பாக்குறாங்க மாமா" என்றாய். யார் எதிர்பார்த்தது? ஆளைக் காட்டு. உன் அத்தையிடம் போனைக் கொடுத்து விளையாடச் சொன்னேன். வீரனைத்தான் எடுத்தாள். ஏன் என்று கேட்டால், "அவளப் பாத்தாலே எனக்குச் சளி பிடிக்குதுங்க" என்கிறாள். வாளும் முப்பது மருந்து புட்டியும் உன் வீராங்கனை எங்கே வைத்திருக்கிறாள் என்று கேட்டதற்கு, கண்ணுக்குத் தெரியாத பை இருக்கிறது என்றாய். கண்ணுக்குத் தெரியாத பை கொடுக்க முடிகிறவர்களுக்குக் கண்ணுக்குத் தெரிகிற கால்சட்டை கொடுக்க முடியாதா? நான் நாலு பாக்கெட் குறித்திருந்தேனே, அதை யாரடா தின்றது? நான் அனுப்பியதை உங்கள் ஆபீசில் எவனோ வேண்டுமென்றே வெட்டியிருக்கிறான். அது நீயாகவே இருந்தாலும் விடமாட்டேன். ஒன்று, அவளுக்கு முழு உடுப்புப் போடு. இல்லை, என் பெயரை எடு. அதிகாரியம்மா துணியோடு திரும்பி வரும்வரை உன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன்.

இப்போது கேட்கிறேன், சுகமா? உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல். உனக்கும் என் ஆசீர்வாதம், அளவாக.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடியபோது, உன் அத்தை மிஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மூக்குக்கு நேரே ஆட்டுகிறாள். வீராங்கனையின் இரண்டாம் தாள். கை, வயிறு, கால், நாலு பாக்கெட், எல்லாம் இதில்தான் இருக்கின்றன. நான் அனுப்பவே இல்லை. எனவே மேலே எவனோ வெட்டினான் என்று எழுதியதை எல்லாம் அடித்துவிடு. ஆனால் ஒன்று. வீரனுக்கு முழங்கையில் ஒரு எண் அழிந்ததற்கு நாலு தடவை போன் செய்தீர்கள். அவளுக்கு மார்புக்குக் கீழே ஒரு தாளே வரவில்லை. அத்தனை பேர் ஆபீசில் ஒருத்தருக்காவது ஏதோ குறைகிறது என்று தோன்றவில்லையா? தாளை இதோடு வைத்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் போன் செய். அவளுக்காக ஒரு தடவையாவது செய்.